மைல்கல்லின் முதுகுப்பக்கம்

வருடத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து எங்கள் நகரமன்றத்துக்கு ஒரு படிவம் வரும். ‘தங்கள் நகரில் உள்ள தொன்மைச் சின்னங்கள் எத்தனை?’ என்று அது கேட்கும். எழுத்தர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் சரி போட்டு, முத்திரை குத்தி, அன்றைக்கே அனுப்பிவிடுவார். இப்படி இருபது வருடமாக எங்கள் ஊர் வரலாறு இல்லாமல் சௌக்கியமாக இருந்தது. யாருக்கும் அது ஒரு குறையாகப் பட்டதில்லை.

அந்த வருடம் வந்த படிவத்தில் ‘இல்லை’ என்ற கட்டத்தைக் காணோம். ‘ஒன்று’, ‘ஒன்றுக்கு மேல்’ என்று இரண்டே கட்டங்கள். எழுத்தர் தாளைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். பிறகு மேலிடத்துக்குத் தொலைபேசி போட்டார்.

“ஐயா, எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் கிடையாதே. எதுல குறிக்கிறது?”

“வரலாறு இல்லாத ஊர் உண்டாங்க? நல்லாத் தேடிப் பாருங்க.”

“தேடிட்டேன் ஐயா. இருக்கிறதிலேயே பழசு எங்க ஆபீஸ் மின்விசிறிதான்.”

“அது நகருமா?”

“சுத்தும். சில நாள்.”

“அப்போ கணக்கில வராது. இடத்தை விட்டு நகராத ஏதாவது ஒண்ணைச் சாயங்காலத்துக்குள்ள எழுதி அனுப்புங்க.”

எழுத்தர் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் அவருடைய அண்ணியின் சாணைக்கடை. ஊரில் எல்லோருக்கும் அவர் சாணைக்கார அக்கா. அக்காவின் கணவர் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் கடையும் குடும்பமும் அக்காவின் வலது காலில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் காலால்தான் சாணைச் சக்கரத்தை மிதிப்பார்.

கடை ஆறடி அகலம். வாசலில் இடுப்புயரத்துக்கு ஒரு மைல்கல். தெருவைப் பார்த்த முன்பக்கத்தில் எங்கள் ஊரின் பெயரும், அதற்குக் கீழே 4 என்ற எண்ணும் செதுக்கியிருக்கும். கடையைப் பார்த்த பின்பக்கம் வெறும் கல். சக்கரத்தில் பிடித்த கத்தியை அந்தப் பின்பக்கத்தில் பத்துத் தடவை இழுத்துத் தீட்டிய பிறகுதான் அக்கா கையில் கொடுப்பார். சக்கரம் கூர்மையைக் கொண்டுவரும், கல்தான் அதை நிற்கவைக்கும் என்பது அந்தக் கடையின் முறை.

எழுத்தர், ‘மைல்கல், ஒன்று’ என்று எழுதினார். ‘எவ்வளவு காலமாக அதே இடத்தில் உள்ளது?’ என்ற கேள்விக்கு, ‘நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதியதை அண்ணியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று தெருவைத் தாண்டினார்.

“அண்ணி, நம்ம கல்லு அரசாங்கத்துல ஏறிடுச்சு.”

“இதுவா? இது உங்க அப்பா தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்ததுல்ல? ரோட்டை அகலப்படுத்துறவங்க பிடுங்கிப் போட்டுட்டுப் போன கல்லு. தீட்டுறதுக்கு நல்லா இருக்கும்னு கொண்டாந்தாரு. நீங்களும் பின்னாடி தள்ளினீங்களாம், பாதி வழியில டவுசர் அவுந்து விழுந்துச்சாம். உங்க அண்ணன் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு.”

“எனக்கு அப்போ ஆறு வயசு அண்ணி.”

“அதனால?”

“என் நினைவுக்கு எட்டலை.”

இரண்டு மாதம் கழித்து ஒரு வண்டி வந்து நின்றது. தொன்மைப் பாதுகாப்பு அதிகாரி ஒரு கோப்போடு இறங்கினார். கூடவே வரலாற்று ஆய்வாளர் ஒருவர், கழுத்தில் பூதக்கண்ணாடியை மாலைபோல் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆய்வாளர் கல்லைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பின்பக்கத்துக்கு வந்ததும் அப்படியே மண்டி போட்டுவிட்டார்.

“இந்தப் பள்ளத்தைப் பாருங்க சார்! என்ன வழவழப்பு! தரையில உட்கார்ந்தா சரியா முதுகு உயரம். நடந்து களைச்சு வந்த பயணிகள், நூறு நூறு வருஷமா இதுல சாய்ஞ்சு முதுகு சொறிஞ்சிருக்காங்க.”

“அது கத்தி தீட்டின பள்ளம் சார்,” என்றார் அக்கா, கையிலிருந்த கத்தியால் தீட்டிக் காட்டி.

ஆய்வாளர் இரக்கத்தோடு பார்த்தார். “எத்தனை வருஷமா தீட்டுறீங்கம்மா?”

“மாமனார் காலத்தையும் சேர்த்தா நாப்பத்தஞ்சு வருஷம் இருக்கும்.”

“நாப்பத்தஞ்சு வருஷத்துல உண்டாகிற பள்ளம் வரலாறு ஆகாது. ஆனா இது வரலாறு. அதனால இது நாப்பத்தஞ்சு வருஷத்துல உண்டாகியிருக்க முடியாது.”

அக்கா அதிகாரி பக்கம் திரும்பினார். “கல்லே இந்த இடத்துது இல்லைங்க. வண்டியில வந்தது.”

“எழுத்துல ஆதாரம் இருக்கா?”

“வண்டி இருக்கு. சக்கரம்தான் கழண்டு போச்சு.”

“படிவத்துல, இதே இடத்தில் நினைவுக்கு எட்டாத காலந்தொட்டுன்னு பொறுப்பான ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரே?”

பொறுப்பான ஒருவர் தன் செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி கோப்பைத் திறந்து கணீரென்று வாசித்தார்: “நகர எல்லைக்குட்பட்ட தொன்மைச் சின்னங்களைச் சுற்றி முப்பதடிக்குள் எவ்விதத் தொழிலும் நடத்தலாகாது.” வாசித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கடையை முப்பதடிக்கு அந்தப் பக்கம் மாத்திக்கலாமேம்மா?”

“முப்பதடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது இந்த ஆபீஸ்தான். உள்ளே வந்து உட்காரட்டுமா?”

அன்று பிற்பகலே கடைக்குப் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரையும் வைத்துவிட்டார்கள். அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு பெண்களைப் படிக்கவைத்த சக்கரம் உள்ளே இருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோதும் அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்ததாம். அண்ணி வீட்டிலேயே சாப்பிடுகிற எழுத்தருக்கு அன்றைக்குச் சாப்பாட்டில் எல்லாக் காயும் முழுசு முழுசாக விழுந்தது.

“என்ன அண்ணி, நறுக்காம போட்டிருக்கீங்க?”

“கத்தி மழுங்கிடுச்சு தம்பி. நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு இப்படித்தான் சாப்பிட்டாங்க. தின்னுங்க.”

ஊராகிய நாங்கள் அக்காவுக்காக வருத்தப்பட்டோம் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். முழுசாக அரை நாள் வருத்தப்பட்டோம். அதற்குள் ஆய்வாளரின் கட்டுரை வெளியாகிவிட்டது. ‘முதுகின் வழியே ஒரு நாகரிகம்’ என்று தலைப்பு. நமக்கு இத்தனை நாள் ஒரு நாகரிகம் இருந்திருக்கிறது, நாம்தான் கவனிக்காமல் இருந்துவிட்டோம் என்று தெரிந்ததும் சும்மா இருக்க முடியுமா? வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தரையில் உட்கார்ந்து, கல்லில் முதுகைத் தேய்த்து, கண்ணை மூடிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் தேய்த்து முடித்ததும் அழுதுவிட்டார். கேட்டதற்கு, “முன்னோர்கள் தொட்ட மாதிரி இருக்கு” என்றார். அக்கா எதிரில் நின்று, “அது கோழிக்கடைக்காரரோட வெட்டுக்கத்தி தொட்ட இடம்மா” என்று சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு அழுகை அதிகமாயிற்று.

பிறகு வீட்டுக்கு வீடு முதுகுக்கல் வைப்பது வழக்கமாகிவிட்டது. வரவேற்பறையில் நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு கல்லை நட்டார்கள். விருந்தாளி வந்தால் “முதல்ல முதுகு தேய்ச்சுக்கோங்க” என்றுதான் உபசாரம். பெண் பார்க்கப் போன இடத்தில், “எங்க வீட்டுக் கல்லு உங்க கல்லைவிடப் பழசு” என்று பேச்சு வந்து ஒரு சம்பந்தமே முறிந்தது.

இதற்கிடையில் ஊர் மெல்ல மழுங்கிக்கொண்டிருந்தது. தையல்காரரின் கத்திரி துணியை வெட்டாமல் மென்றது. அவர் பற்களால் கடித்துக் கிழித்துத் தைக்க ஆரம்பித்தார். ஓரம் பிய்ந்து தொங்கிய சட்டைகளை ‘தொல்பாணி’ என்று பெயர் போட்டு மாட்டினார். நாங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்கினோம். முடிதிருத்துபவரோ கத்தரிக்கிற வேலையை விட்டுவிட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஐயோ, வலிக்குது!”

“வலிச்சாத்தான் பாரம்பரியம். அசையாதீங்க.”

மூன்றாவது மாதம், கல்லுக்கு முன்னால் பெயர்ப்பலகை திறக்கும் விழா என்று முடிவாயிற்று. பலகைக்கு வாசகம் எழுதும்போதுதான் ஒரு சின்னச் சிக்கல் தலைதூக்கியது. கல்லைக் கவனிப்பதற்காக நகரமன்றத்திலேயே மேசை போட்டுக்கொண்டிருந்த அதிகாரியிடம் எழுத்தர் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சார், கல்லுல நம்ம ஊர் நாலு மைல்னு இருக்கு. ஆனா கல்லு ஊருக்கு நடுவில இருக்கு.”

அதிகாரி பேனாவை வைத்தார். “கல்லு நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டா?”

எழுத்தருக்கு உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. ஆனால் கையெழுத்து அவருடையது. ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருந்தது.

“இல்லைங்க சார்.”

“கல்லு நகரலை. கல்லு பொய் சொல்லவும் வழியில்லை, பாதுகாக்கப்பட்ட கல்லு. அப்போ மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். ஊர் நகர்ந்திருக்கு.”

ஆய்வாளர் துள்ளிக் குதித்தார். அன்றே சங்கிலி போட்டு அளந்துகொண்டு போனார்கள். சரியாக நாலாவது மைலில் ஒரு கோழிப்பண்ணை வந்தது. பண்ணைக்காரர் தீவன வாளியோடு வெளியே வந்தார்.

“என்னங்க, முட்டையா?”

“இல்லை. நீங்கதான் இந்த நகரத்தின் அசல் குடிமகன்,” என்று அதிகாரி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பண்ணைக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தான் ஒன்றும் செய்யவில்லை என்று மூன்று தடவை சொன்னார்.

விழா நாளும் வந்தது. பலகை கல்லைவிட மூன்று மடங்கு பெரியது. அதைக் கல்லுக்கு முன்னால் நட்டதும் தெருவிலிருந்து கல் தெரியவில்லை. ஆனால் கல்லைப் பற்றிய எல்லாம் தெரிந்தது. ‘நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு இதே இடத்தில் நிற்கும் இக்கல், இங்கிருந்து நகரம் நான்கு மைல் தொலைவில் உள்ளது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறது.’

குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். தொலைபேசியில் பேசிய அதே மேலதிகாரி வந்திருந்தார். புகைப்படக்காரர்களைப் பார்த்துச் சிரித்தபடி கத்திரியை நாடாவில் வைத்து அழுத்தினார். நாடா மடிந்து கத்திரிக்குள் சொகுசாகப் படுத்துக்கொண்டது. தையல்காரரின் கத்திரி வந்தது. நாடாவைச் சப்பியது. முடிதிருத்துபவரின் கத்திரி வந்தது, பள்ளிக்கூடத்துக் கத்திரி வந்தது, மருந்தகத்துக் கத்திரியும் வந்தது. பதினொரு நிமிடமாக மேலதிகாரி அதே சிரிப்பை முகத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். வாயை அசைக்காமல் பல்லிடுக்கு வழியாகக் கேட்டார்.

“இந்த ஊர்ல சாணை பிடிக்கிறவங்க யாருமே இல்லையா?”

ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கூட்டத்தின் கடைசியில் அக்கா நின்றிருந்தார். வழிவிட்டோம். அவர் நடந்து வந்து கத்திரியை வாங்கி, விரலால் அதன் கூரைத் தடவிப் பார்த்தார்.

“ரெண்டு நிமிஷ வேலை சார். ஆனா சக்கரம் உள்ளே பூட்டிக் கிடக்கு.”

“திறங்கய்யா!” என்றார் மேலதிகாரி.

“விதி இடம் கொடுக்காதுங்க ஐயா,” என்றார் நம் அதிகாரி. அவர் நேர்மையானவர். தான் எழுதியதைத் தானே நம்புகிறவர்.

“அந்த விதியை இன்னொரு தடவை வாசிங்க சார்,” என்றார் அக்கா.

அதிகாரி மனப்பாடமாகச் சொன்னார்: “நகர எல்லைக்குட்பட்ட தொன்மைச் சின்னங்களைச் சுற்றி முப்பதடிக்குள்...”

“இந்தப் பலகையையும் வாசிங்க.”

“இங்கிருந்து நகரம் நான்கு மைல்...”

அதிகாரி நிறுத்தினார்.

“அப்போ என் கடை நகர எல்லைக்குள்ள இருக்கா, வெளியில நாலு மைல் தள்ளி இருக்கா? எனக்கு ரெண்டுல எதுவானாலும் சரி. நீங்க கையெழுத்துப் போட்டுச் சொன்னாப் போதும்.”

உள்ளே என்றால் பலகை பொய், கட்டுரை பொய், படிவம் பொய். வெளியே என்றால் பூட்டு பொய். பூட்டு ஒன்றுதான் சின்னதாக இருந்தது. அதிகாரி தன் கையாலேயே அரக்கை உடைத்தார். ‘இக்கடை நகருக்கு வெளியே உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அக்காவின் வலது கால் சக்கரத்தை மிதித்தது. மூன்று மாதத்துப் பசியோடு அது சுழன்றது. பத்து இழுப்பு கல்லில். நாடா கத்திரியைக் கண்டதுமே இரண்டானதுபோல் விழுந்தது.

நாங்கள் கைவலிக்கக் கைதட்டினோம். தட்டிய கைகளும் ஊருக்கு வெளியே நாலு மைல் தள்ளி இருக்கின்றன என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை உறைத்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. கேட்டதற்கு, நகரத்துக்குள் மட்டும்தான் வரும் என்றார்கள். தெருவிளக்குகளைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பண்ணையில் நட்டார்கள். அந்த வெளிச்சத்தில் கோழிகள் மளமளவென்று முட்டையிட்டன. நகரமன்றம் தீவனக் கொட்டகைக்கு மாறியது. பண்ணைக்காரர் போட்டியின்றித் தலைவரானார். முதல் மாத அறிக்கையில் நகரின் பிறப்பு ஆயிரத்து இருநூறு, எல்லாம் குஞ்சுகள். எழுத்தர் தினமும் நாலு மைல் சைக்கிள் மிதித்துப் போய், தலையில் இறகோடு திரும்பினார்.

நாங்கள் திரண்டு போய் மனுக் கொடுத்தோம். ‘எங்கள் ஊரை எங்களுக்கே திருப்பித் தரவும்.’ அதிகாரி அதைத் தீவன மூட்டையின் மேல் வைத்துப் படித்தார்.

“நானா சொன்னேன்? கல்லு சொல்லுது. அதுல எண் இருக்கிறவரைக்கும் அந்த முடிவு செல்லும்.”

“எண்ணைச் செதுக்கி எடுத்துட்டா?”

“வேணும்னு அழிச்சா சிறை.”

“தானா தேஞ்சு போனா?”

அதிகாரி ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பயன்பாட்டால தேஞ்சா அது அழிவு இல்லை. வரலாறு.”

மறுநாள் காலை அக்காவின் கடை வாசலில் ஊரே கத்தியோடு நின்றது. நேற்றுத் தீட்டிய கத்தியும் இன்றைக்கு மறுபடி வந்தது. கத்தி இல்லாதவர்கள் கரண்டி கொண்டுவந்தார்கள். தையல்காரர் ஊசியைக் கொண்டுவந்தார். ஒரு வாரத்தில் அதிகாரியும் கடிதம் பிரிக்கிற கத்தியோடு வரிசையில் நின்றார். கொட்டகையில் அவருக்குத் தும்மல் நிற்கவில்லையாம்.

“எவ்வளவு தேஞ்சிருக்கு அக்கா?”

“நல்லாவே தேஞ்சிருக்கு.”

“இன்னும் எவ்வளவு நாளாகும்?”

“கல்லு நல்ல கல்லு. நீங்க வந்துகிட்டே இருங்க.”

ஒருநாள் விடிந்த கையோடு வேலைக்குக் கிளம்பிய எழுத்தர், கடைப்பக்கமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அண்ணி பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் குனிந்து, ஈரத்துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். எழுத்தர் எட்டிப் பார்த்தார். பலகையின் மறைவில், முன்பக்கத்தில், 4 பளிச்சென்று இருந்தது. ஒரு கீறல் கிடையாது. பின்பக்கத்தில்தான் பள்ளம் ஒரு சாண் ஆழத்துக்குப் போயிருந்தது.

“அண்ணி! நீங்க பின்பக்கத்துலயா தீட்டுறீங்க?”

“என்னைக்குத் தம்பி நான் முன்பக்கத்துல தீட்டினேன்?”

“ஊரே காத்துக்கிட்டு இருக்கே அண்ணி.”

“ஊர் திரும்பி வந்தா, அதோட சேர்ந்து முதல்ல என்ன வரும்?”

எழுத்தர் யோசித்தார். தலையிலிருந்து ஒரு இறகை எடுத்துக் கீழே போட்டார். “முப்பதடி வரும்.”

“ஆமா. பூட்டும் வரும். கிளம்புங்க, கோழிகள் காத்திருக்கும்.”

எழுத்தர் நாலு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “யாராவது குனிஞ்சு கல்லைப் பார்த்துட்டா என்ன பண்ணுவீங்க?”

அக்கா துணியைப் பிழிந்து உதறினார்.

“இவ்வளவு பெரிய பலகையில எழுதி வச்சிருக்கு. கல்லை எவன் பார்க்கப்போறான்?”

அப்போதே தெருவில் வரிசை சேர ஆரம்பித்திருந்தது. ஆளுக்கொரு கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, பொழுது போகாமல், நாங்கள் எல்லோரும் பலகையைப் படித்துக்கொண்டிருந்தோம்.